சதுர அடி ஒன்று, சங்கதி வேறு

விலைப் பட்டியலை வைத்து நகரங்களை ஒப்பிடுகிறார்கள். ஆனால் கொடுக்கிற பணத்துக்குக் கைக்கு வருவது மும்பையில் ஒன்று, டெல்லியில் இன்னொன்று.

சென்னையிலிருந்து மும்பைக்கு மாற்றலாகும் வங்கி அதிகாரிக்கு முதல் அதிர்ச்சி வாடகைத் தொகை அல்ல. அதைச் சொல்லி யாராவது ஏற்கெனவே பயமுறுத்தியிருப்பார்கள். வீட்டுப் புரோக்கர் பேசும் பாஷைதான் அதிர்ச்சி. சென்னையில் அவர் கேட்டுப் பழகியது கிரவுண்ட், அட்வான்ஸ், யு.டி.எஸ். மும்பையில் காதில் விழுவது கார்ப்பெட், பகடி, லீவ் அண்ட் லைசென்ஸ். அடுத்த மாற்றல் டெல்லிக்கு என்றால் ஃப்ரீஹோல்ட், பவர் ஆஃப் அட்டர்னி. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு சட்டம் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு பழைய சண்டையும் இருக்கிறது.

வீட்டு விலைகளுக்கு ஓர் அதிகாரபூர்வக் குறியீடு உண்டு. தேசிய வீட்டுவசதி வங்கி 2007-ல் தொடங்கிய 'ரெசிடெக்ஸ்' இன்று 50 நகரங்களைக் கணக்கில் எடுக்கிறது. ஆனால் ஒரு நகரத்தின் விலை அதன் பழைய நிலையிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பதைத்தான் அது சொல்லும். மும்பையையும் கொல்கத்தாவையும் நிறுத்துப் பார்க்கும் தராசு அல்ல அது. சதுர அடி விலைப் பட்டியல்களில் மும்பை உச்சியிலும் கொல்கத்தா பெருநகரங்களில் மலிவான பக்கத்திலும் இருப்பது உண்மைதான். அந்தச் சதுர அடியோடு என்னென்ன உரிமை சேர்ந்து வருகிறது என்பது பட்டியலில் இல்லை.

மும்பையில் இடம் இல்லை என்பது பாதி உண்மை. கடல் சூழ்ந்த குறுகலான நகரம்தான். ஆனால் நெருக்கடியில் கடலுக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு சட்டத்துக்கும் உண்டு. 1947-ம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம், பழைய வீடுகளின் வாடகையை 1940 செப்டம்பர் நிலவரத்தில் கட்டிப்போட்டது. தற்காலிகம் என்று வந்த ஏற்பாடு நீட்டித்து நீட்டித்து அரை நூற்றாண்டு ஓடியது. காபி செலவுக்குக்கூடக் காணாத வாடகையை வாங்குகிற சொந்தக்காரர், ஒழுகும் கூரையை எதற்குச் சரிசெய்வார்? மழைக்காலத்தில் கட்டடங்கள் சரிவது நகரத்தின் ஆண்டுச் செய்தியாகிப் போனது. இந்த உறைநிலைக்கு இனி நியாயம் இல்லை என்று 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2000 மார்ச் 31-ல் புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. அதிலும் பழைய வாடகைக்கு ஆண்டுக்கு 4 சதவீத உயர்வுதான்.

இந்தச் சட்டம் பெற்ற பிள்ளைதான் பகடி. சொல்லுக்குத் தலைப்பாகை என்று பொருள். வீட்டின் விலைக்குப் பக்கத்தில் வரும் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து வாடகைதாரர் ஆவது. பிறகு சொற்ப வாடகையில் காலம் தள்ளுவது. போகும்போது அந்த வாடகை உரிமையையே இன்னொருவருக்கு விற்று, சொந்தக்காரருக்கு ஒரு பங்கு தருவது. பாதி சொந்தம், பாதி வாடகை. நெடுங்காலம் மறைவாக நடந்த இந்தப் பணப் பரிமாற்றத்தை 1999-ம் ஆண்டுச் சட்டம் அங்கீகரித்தும் விட்டது.

எனவே மும்பையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதைவிட, எந்தத் தேதியிலிருந்து குடியிருக்கிறீர்கள் என்பதே பல குடும்பங்களின் தலைவிதி. 1920-களில் கட்டப்பட்ட வொர்லி பி.டி.டி. சால்களில் 160 சதுர அடி அறையில் மூன்று தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. மறுகட்டுமானத் திட்டத்தில் அவர்களுக்கு 500 சதுர அடி வீடு இலவசம். 2025 ஆகஸ்டில் முதல் தொகுதிக் குடும்பங்கள் சாவி வாங்கின. சந்தை விலையில் ஆயுள் முழுக்கச் சேமித்தாலும் அவர்களில் பலருக்கு எட்டாத வீடு. நெல்லைச் சீமையிலிருந்து போனவர்கள் தலைமுறைகளாக வாழும் தாராவியிலும் இதே கதை. 2000 ஜனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று இருந்தால்தான் அங்கேயே 350 சதுர அடி இலவச வீடு. பெட்டிக்கடியில் கிடக்கும் பழைய மின்கட்டண ரசீதுக்கு வேறெந்த ஊரிலும் இந்த மதிப்பு இல்லை.

டெல்லியில் நிலத்துக்குப் பஞ்சம் இல்லை, ஆவணத்துக்குத்தான் பஞ்சம். 1957-ல் டெல்லி வளர்ச்சி ஆணையம் (டி.டி.ஏ.) பிறந்ததும் மனைப்பிரிவு அமைப்பது அரசின் ஏகபோகமானது. சவுத் எக்ஸ்டென்ஷன், கிரேட்டர் கைலாஷ் என்று காலனிகள் அமைத்த டி.எல்.எஃப். நிறுவனம் எல்லை தாண்டி ஹரியானாவுக்குப் போனது. அந்த மாநிலத்தின் 1975-ம் ஆண்டுச் சட்டம் தனியாருக்கு உரிமம் கொடுத்தது. குர்கானின் கண்ணாடிக் கோபுரங்கள் டெல்லியின் பூட்டிய கதவுக்கு வெளியே எழுந்தவை.

உள்ளே இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? டி.டி.ஏ. வீடுகளை எளிதில் கைமாற்ற முடியாது என்பதால் பவர் பத்திரத்தில் விற்றார்கள். விளைநிலங்கள் துண்டுபட்டு அங்கீகாரமற்ற காலனிகளாயின. பவர் பத்திரம் சொத்துரிமை தராது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் அறுதியிட்டுச் சொன்னபோது லட்சக்கணக்கான வீடுகள் அந்தக் காகிதத்தின் மேல்தான் நின்றிருந்தன. 2019-ல் மத்திய அரசு 1,700-க்கும் மேற்பட்ட காலனிகளில் குடியிருப்போருக்கு உரிமை வழங்கும் திட்டத்தைக் கொண்டுவர வேண்டியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், இதே டி.டி.ஏ. 2014-ல் ஒதுக்கிய வீடுகளில் பல ஆயிரத்தை, இடம் தொலைவு, அறை சிறிது என்று பெற்றவர்களே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கொல்கத்தாவின் சங்கதி மும்பையின் தங்கை. அங்கே பகடிக்குப் பெயர் சலாமி. சொந்தக்காரர் வாடகையை வாங்க மறுத்தால், வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் கட்டிவிட்டுக் குடியிருக்கலாம். வட கொல்கத்தாவின் பெரிய பழைய வீடுகளில் இருவரும் பேசிக்கொள்ளாமலே ஆண்டுகள் கழிகின்றன.

பெங்களூரில் வாடகைதாரரின் கழுத்தைப் பிடிப்பது முன்பணம். பத்து மாத வாடகையை எடுத்து வை என்பது அங்கே நெடுநாள் வழக்கம். வேலையில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் அதற்கே கடன் வாங்க வேண்டும். மொத்தத் தொகையைக் கொடுத்து வாடகையே இல்லாமல் குடியிருக்கும் 'லீஸ்' முறையும் உண்டு. மதுரைக்காரருக்கு அதை விளக்க வேண்டியதில்லை, ஒத்தி என்றால் போதும். அடமானத்தில் இருக்கும் வீட்டை லீஸுக்கு விட்டுவிட்டால் கொடுத்த லட்சங்கள் அம்போ. வாங்குவோருக்கோ வேறு தலைவலி: 'பி' கட்டா. வரி கட்டலாம், குடியிருக்கலாம். வங்கிக் கடன் மட்டும் சுலபத்தில் கிடைக்காது.

சென்னைக்காரருக்கு வீடு என்றால் மண். அடுக்குமாடி வாங்கினாலும் அவர் முதலில் கேட்பது யு.டி.எஸ்., அதாவது மனையில் தனக்குரிய பிரிக்கப்படாத பங்கு எத்தனை சதுர அடி என்பது. மும்பையில் கட்டடம்தான் பேச்சு. மனை பற்றிக் கேட்டால் விசித்திரமாகப் பார்ப்பார்கள். சென்னைக்காரர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. முப்பது வருடத்தில் கட்டடம் தேயும், மனை தேயாது. முன்பணத்தில் சென்னையும் பெங்களூரின் கூட்டாளியாகத்தான் இருந்தது. 2019-ல் அமலுக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை அளவாக வைத்தது.

இத்தனை சட்டங்களுக்கும் நடுவே ஒரு கணக்கு உறுத்துகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்திய நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் சுமார் 1.1 கோடி. அடுத்த ஆண்டு மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு மதிப்பிட்ட நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை சுமார் 1.88 கோடி. அதில் பெரும்பகுதி வீடே இல்லாதவர்கள் அல்ல. ஒரே அறையில் நெருக்கியடித்து வாழ்பவர்கள். பூட்டி வைப்பவர்களிடமும் காரணம் உண்டு. ஆண்டு வாடகை வீட்டு விலையில் இரண்டு மூன்று சதவீதம்தான் தேறும். வங்கி டெபாசிட்டே அதைவிட மேல். அந்தச் சில்லறைக்காக உள்ளே விட்டவர் வெளியே வராவிட்டால்? மும்பையின் பழைய கதை எல்லா ஊர்ச் சொந்தக்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

அந்தப் பயத்தோடு சேர்ந்து நாடு முழுக்க நிலைத்துவிட்ட எண், 11. ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதற்கு ஒரு மாதம் முன்பே முடிகிற ஒப்பந்தம்தான் பதில். மகாராஷ்டிரமும் தமிழகமும் எல்லா ஒப்பந்தங்களையும் பதிவு செய்யச் சொல்லும் சட்டங்களைக் கொண்டுவந்த பிறகும் 11 போகவில்லை. 2021-ல் மத்திய அரசு தயாரித்த மாதிரி வாடகைச் சட்டம் இரண்டு மாத முன்பணம் போதும் என்றது. ஆனால் மாநிலங்கள் ஏற்றால்தான் அது சட்டம். வங்கி அதிகாரி சாமான்களைப் பிரித்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, பால்காரரைப் பழக்கிக்கொள்வதற்குள் பத்து மாதம் ஓடிவிடும். பிறகு புரோக்கரிடமிருந்து போன் வரும். புது ஒப்பந்தம், உயர்த்திய வாடகை, அவருக்கு இன்னொரு தடவை கமிஷன்.