உங்களுக்குத் தெரியுமா? தளபதிக்கு விழுந்த யாழ்ப்பாண ஓட்டு
2009 மே மாதம் விடுதலைப் புலிகளுடனான போர் முடிந்தபோது இலங்கை ராணுவத் தளபதியாக இருந்தவர் சரத் பொன்சேகா. இந்த நாடு சிங்களவருக்கே உரியது என்று அதற்கு முந்தைய ஆண்டு ஒரு கனடியப் பத்திரிகையிடம் சொன்னவரும் அவரே. அப்படிப்பட்டவர் சீருடையைக் கழற்றிவிட்டு, 2010 ஜனவரி 26-இல் நடந்த அதிபர் தேர்தலில் மகிந்த ராஜபக்சவை எதிர்த்து நின்றார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு ஆதரவு கொடுக்க, யாழ்ப்பாணத்தில் பதிவான ஓட்டில் சுமார் 64 சதவீதம் அவருக்கு! (அங்கே ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் ஓட்டுப்போடவே போகவில்லை என்பது வேறு கதை.) நாடு முழுக்கக் கிடைத்ததோ 40 சதவீதம். இரண்டே வாரத்தில் கைது, பிறகு சிறை. 2015-இல் பீல்டு மார்ஷல் பட்டம். 2024-இல் மறுபடி அதிபர் தேர்தலில் நின்றார். மொத்த ஓட்டே 23 ஆயிரத்தைத் தொடவில்லை.