அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கில வாசிப்பு, எழுத்துத் திறன் விருப்பப் பாடங்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் உயர்நிலைப் பள்ளி எனப்படுகின்றன. இவ்வகுப்புகளில் ஆங்கிலம் கட்டாயப் பாடம். அதற்கு மேலதிகமாக, வாசிப்பையோ எழுத்தையோ மட்டும் மையமாகக் கொண்டு நடத்தப்படும் வகுப்புகளே ஆங்கில விருப்பப் பாடங்கள். படைப்பெழுத்து, இதழியல், ஆய்வு எழுத்து, நடைமுறை எழுத்து, வாசிப்புத் திறன் முதலியவை இவற்றுள் அடங்கும்.

பெயரில் விருப்பம் என்று இருந்தாலும், எல்லா மாணவர்களும் விரும்பி இவற்றில் சேர்வதில்லை. எழுத்தில் ஆர்வம் உள்ளவருக்கு இது ஒரு கூடுதல் வாய்ப்பு. வாசிப்பில் பின்தங்கியவருக்கோ பள்ளியே சேர்த்துவிடும் கூடுதல் வகுப்பு. இவ்விரண்டும் ஒரே பெயரில் பட்டியலிடப்படுவதால், மாணவர்களும் பெற்றோரும் பாடத்தின் தன்மையை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

கிரெடிட் முறை

தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பில் சேரும் மாணவர் ஒரு பாடத் தொகுதியைத் தேர்ந்தெடுக்கிறார். அமெரிக்காவில் தொகுதி கிடையாது. ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியே தேர்ந்தெடுக்க வேண்டும். ஓராண்டுப் பாடத்துக்குப் பொதுவாக ஒரு கிரெடிட், அரையாண்டுப் பாடத்துக்கு அரை கிரெடிட். குறிப்பிட்ட எண்ணிக்கையில் கிரெடிட்டுகள் சேர்ந்தால்தான் பள்ளிப் படிப்பு முடிந்ததாகக் கொள்ளப்படும். பாடத்திட்டத்தையும் தேர்ச்சி விதிகளையும் வகுப்பது மாநிலங்களும் உள்ளூர்ப் பள்ளி மாவட்டங்களுமே. ஆகவே விதிகள் இடத்துக்கு இடம் வேறுபடும்.

டெக்சாஸ் மாநிலத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்கே அடிப்படைத் திட்டத்தின்படி பள்ளிப் படிப்பை முடிக்க 22 கிரெடிட்டுகள் தேவை. அவற்றில் 4 ஆங்கிலத்துக்கும் 5 விருப்பப் பாடங்களுக்கும் உரியவை. படைப்பெழுத்து, ஆய்வு மற்றும் தொழில்நுட்ப எழுத்து ஆகியவற்றை நான்காம் ஆண்டு ஆங்கிலத்துக்கு ஈடாகவும் எடுத்துக்கொள்ள இடமுண்டு. வாசிப்புத் திறன் பாடம் விருப்பப் பாடக் கணக்கில்தான் சேரும். எனவே ஒரு பாடம் எந்தக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது என்பது மாணவர் முதலில் அறிய வேண்டிய செய்தி.

வாசிப்புத் திறன் வகுப்பு

டெக்சாஸ் பாடத்திட்டத்தில் இது வாசிப்பு 1, 2, 3 என்று மூன்று நிலைகளில் உள்ளது. இலக்கியம் கற்பிப்பது இதன் முதல் நோக்கம் அன்று. சொற்களைத் தடையின்றிப் படித்தல், அறியாத சொல்லின் பொருளை அதன் பகுதிகளைக் கொண்டு ஊகித்தல், ஒரு பத்தியின் மையக் கருத்தைக் கண்டுபிடித்தல், படித்ததைச் சுருக்கிச் சொல்லுதல் ஆகியவற்றில் பயிற்சி தரப்படுகிறது. வரலாறு, அறிவியல் பாடநூல்களைத் தானே படித்துப் புரிந்துகொள்ளும் நிலைக்கு மாணவரைக் கொண்டுவருவதே இலக்கு.

ஒரு மாணவர் ஏன் பின்தங்கினார் என்பதைப் பொறுத்துப் பயிற்சியும் மாற வேண்டும். சிலருக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதே கடினம். சிலர் சரளமாக வாய்விட்டுப் படிப்பார்கள். பொருள் மனத்தில் தங்காது. வேறு நாட்டிலிருந்து வந்த மாணவர் தன் தாய்மொழியில் நன்றாகப் படிப்பவராக இருக்கலாம். அவருக்குக் குறை ஆங்கிலச் சொல்வளத்தில் மட்டுமே. இம்மூவரையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்து ஒரே பயிற்சித்தாளைக் கொடுத்தால் ஒருவருக்கும் முழுப்பயன் கிட்டாது. புதிதாகக் குடியேறிய மாணவர்களுக்காகப் பிறமொழி பேசுவோருக்கான ஆங்கிலம் என்ற பாடம் தனியாக உண்டு. டெக்சாசில் உரிய தகுதியுள்ள மாணவர்கள் இதை முதலிரண்டு ஆண்டுகளின் ஆங்கிலப் பாடத்துக்கு ஈடாகப் படிக்கலாம்.

இதில் இன்னொரு விலையும் இருக்கிறது. ஒரு நாளின் பாடவேளைகள் எண்ணப்பட்டவை. கூடுதல் வாசிப்பு வகுப்பு வந்தால் இசை, ஓவியம், தொழிற்கல்வி ஆகியவற்றுள் ஒன்று போகும். பள்ளிக்கு வர மாணவருக்குப் பிடித்திருந்த காரணமே அந்த வகுப்பாக இருந்திருக்கலாம். ஆகவே இவ்வகுப்பு எவ்வளவு காலம் தேவை, எந்த முன்னேற்றம் கண்டபின் அதிலிருந்து வெளிவரலாம் என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

எழுத்து வகுப்புகள்

படைப்பெழுத்து வகுப்பில் கதை, கவிதை, நாடகம், தன்வரலாற்றுக் கட்டுரை ஆகியவை எழுதப்படுகின்றன. மாணவர்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் கருத்துச் சொல்வதும், அதைக் கேட்டுத் திருத்தி எழுதுவதும் வகுப்பின் பெரும்பகுதி. ஆய்வு மற்றும் தொழில்நுட்ப எழுத்தில் ஒரு கேள்வியை எழுப்பி, நம்பகமான தரவுகளைத் தேடி, அவற்றை முறைப்படி மேற்கோள் காட்டி அறிக்கை எழுதப் பழகுகிறார்கள். நடைமுறை எழுத்து என்பது கடிதம், விண்ணப்பம், அறிவுறுத்தல் போன்ற அன்றாடத் தேவைகளுக்கானது.

ஏபி ஆங்கில மொழியும் கட்டுரையும் என்ற பாடத்தைக் காலேஜ் போர்டு அமைப்பு நடத்துகிறது. பல பள்ளிகளில் 11ஆம் வகுப்பில் வழக்கமான ஆங்கிலத்துக்குப் பதிலாக இதை எடுக்கலாம். தேர்வு 3 மணி 15 நிமிடம். 45 கொள்குறி வினாக்களும் 3 கட்டுரைகளும் உண்டு. பல ஆதாரங்களைத் தொகுத்து எழுதுவது, ஓர் எழுத்தாளர் தம் கருத்தை வாசகர் ஏற்கும்படி எப்படிச் சொல்கிறார் என்று ஆராய்வது, சொந்த வாதத்தை முன்வைப்பது என ஒவ்வொரு கட்டுரையும் ஒரு திறனைச் சோதிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 6 புள்ளிகள். அவற்றில் 4 சான்றுக்கும் விளக்கத்துக்கும் உரியவை. அழகான நடை இருந்து சான்று இல்லையென்றால் பெரும்பகுதிப் புள்ளிகள் கிடைக்கா. தேர்வின் முடிவு 1 முதல் 5 வரை அளிக்கப்படும். உயர்ந்த புள்ளி பெற்றவர்களுக்குப் பல கல்லூரிகள் கிரெடிட் தருகின்றன.

இதழியலும் ஒரு வழக்கும்

இதழியல் வகுப்பில் செய்தி சேகரித்தல், நேர்காணல், தலைப்பிடுதல், பிழைதிருத்தம் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. பல பள்ளிகளில் மாணவர் செய்தித்தாளை வெளியிடுவதும் இவ்வகுப்பே.

1983 மே மாதத்தில் மிசௌரி மாநிலத்தின் ஹேசல்வுட் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியில், இதழியல் 2 வகுப்பு மாணவர்கள் தயாரித்த ஸ்பெக்ட்ரம் என்ற செய்தித்தாளிலிருந்து இரண்டு பக்கங்களை முதல்வர் நீக்கினார். மாணவியரின் கர்ப்பம் பற்றியும் பெற்றோரின் மணமுறிவு பற்றியும் எழுதப்பட்ட கட்டுரைகளை அச்சில் வராமல் நிறுத்துவதே அவர் நோக்கம். மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1988 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்ற பெரும்பான்மையில் பள்ளிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. செய்தித்தாள் பாடத்திட்டத்தின் பகுதி. எனவே கல்வி சார்ந்த நியாயமான காரணம் இருந்தால் பள்ளி அதைக் கட்டுப்படுத்தலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

கிரெடிட் தரும் வகுப்பில் எழுதுவதற்கு இதனால் ஒரு வரம்பு ஏற்பட்டது. ஆனால் கலிபோர்னியா இத்தீர்ப்புக்கு முன்பே, 1977இல், மாணவர் இதழ்களின் உரிமையைக் காக்கச் சட்டம் இயற்றியிருந்தது. தீர்ப்புக்குப் பின் வேறு பல மாநிலங்களும் அத்தகைய சட்டங்களைக் கொண்டுவந்தன.

வரலாறு

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் பல பள்ளிகள் ஓராண்டு ஆங்கிலப் பாடத்தைக் கலைத்து, சிறு சிறு விருப்பப் பாடங்களாக மாற்றின. அறிவியல் புனைகதை, திரைப்படம், விளையாட்டு இலக்கியம் என மாணவர் தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. ஆர்வம் இருந்தால் வாசிப்பு தானாக வளரும் என்பது இதன் பின்னிருந்த நம்பிக்கை.

பின்னர் ஐயங்கள் எழுந்தன. 1975 டிசம்பரில் நியூஸ்வீக் இதழ் மாணவர்களின் எழுத்துத் திறன் சரிவை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. 1983இல் வெளியான 'ஆபத்தில் ஒரு தேசம்' என்ற அரசு அறிக்கை, உயர்நிலைப் பள்ளிப் பாடத்திட்டம் உணவுவிடுதிப் பட்டியல்போல் ஆகிவிட்டது என்று குறைகூறியது. எல்லா மாணவரும் நான்கு ஆண்டுகள் ஆங்கிலம் படிக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. கட்டாய ஆங்கிலம் நடுவில் நிற்க, விருப்பப் பாடங்கள் அதைச் சுற்றி அமையும் இன்றைய ஏற்பாடு அந்த விவாதங்களுக்குப் பின் வலுப்பெற்றது.

கலிபோர்னியாவில் ஒரு முயற்சி

கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதலாண்டு மாணவர்களில் பெருந்தொகையினர் கிரெடிட் இல்லாத அடிப்படை ஆங்கில வகுப்பை முதலில் முடிக்க வேண்டியிருந்தது. கட்டணமும் காலமும் செலவாகும், பட்டம் நெருங்காது. இந்நிலையை மாற்ற, பல்கலைக்கழக ஆசிரியர்களும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து 12ஆம் வகுப்புக்கென விளக்க வாசிப்பும் எழுத்தும் என்ற பாடத்தை உருவாக்கினார்கள். துரித உணவு, சிறார் குற்றநீதி போன்ற பொருள்களில் கட்டுரைகளைப் படித்து, ஆசிரியரின் வாதத்தைப் பிரித்துப் பார்த்து, பிறகு அதற்குப் பதில் எழுதுவது இதன் முறை. வாசிப்பும் எழுத்தும் இங்கே தனித்தனியே நிற்பதில்லை. கிரெடிட் இல்லாத அந்த வகுப்புகளையே பல்கலைக்கழகம் 2018இல் கைவிட்டது. அதன்பின் முதலாண்டிலேயே கல்லூரி நிலை எழுத்தை எதிர்கொள்ள வேண்டியிருப்பதால், பள்ளியில் பெறும் பயிற்சிக்கு மதிப்புக் கூடியுள்ளது.

ஆசிரியரின் நேரம்

எழுத்துப் பாடத்தின் தரம் பாடநூலைவிட ஆசிரியரின் நேரத்தைப் பொறுத்தது. ஓர் ஆசிரியருக்கு 30 பேர் கொண்ட 5 வகுப்புகள் என்றால் 150 மாணவர்கள். ஒரு கட்டுரையைப் படித்துக் குறிப்பெழுத 10 நிமிடம் என வைத்தாலும், ஒரு முறை எழுதவைத்தால் திருத்த 25 மணி நேரம் ஆகும். திருத்தி எழுதியதை மீண்டும் படிக்க இன்னும் அவ்வளவு நேரம். வகுப்பில் எண்ணிக்கை கூடக்கூட எழுத்து வேலை குறைவது இதனால்தான்.

பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது

விருப்பப் பாடத்தில் சேருமுன் பள்ளி ஆலோசகரிடம் மாணவர் கேட்க வேண்டியவை சில. கிரெடிட் ஆங்கிலக் கணக்கில் சேருமா, விருப்பக் கணக்கிலா? செல்ல எண்ணும் கல்லூரி இதை ஏற்குமா? வகுப்பில் எத்தனை பேர்? ஓராண்டில் எத்தனை முறை எழுதி, எத்தனை முறை திருத்த வேண்டும்? எழுதியதை யார் படிப்பார்கள்?

இவற்றுள் கடைசிக் கேள்வியே முக்கியமானது. எழுத்து வளர்வது கவனமாகப் படிக்கும் ஒருவர் கிடைக்கும்போதுதான். அப்படி ஒருவர் இருக்கும் வகுப்பு, தானே விரும்பிச் சேர்ந்த மாணவருக்கும் பள்ளி சேர்த்துவிட்ட மாணவருக்கும் ஒருங்கே பயன் தரும்.