கார் ஏன் இவ்வளவு ‘காஸ்’ குடிக்கிறது?

1990இற்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபுரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் பழைய ஒஸ்ரின் காரை ஓட்டியவர்கள் நம்மவர்கள். அதே நாம்தான் இங்கே, சனிக்கிழமை தமிழ் வகுப்பு வாசலில், பிள்ளை வரும்வரை எஞ்சினை ஓடவிட்டு அரை மணித்தியாலம் ஹீற்றரில் குளிர் காய்கிறோம்!

புதிதாக வந்த குடும்பம் முதலில் வாங்கும் பெரிய பொருள் பெரும்பாலும் ஒரு பழைய கார். வீடு ஸ்காபுறோவில், வேலை மிசிசாகாவில் ஒரு பக்ரறியில் என்றால், போய்வர 90 கிலோமீற்றர், கிழமைக்கு 450. நூறு கிலோமீற்றருக்கு 10 லீற்றர் குடிக்கவேண்டிய கார் 12 லீற்றர் குடித்தால், கிழமைக்கு 9 லீற்றர் வீண். ஐம்பது கிழமைக்கு 450 லீற்றர். லீற்றர் 1.40 டொலர் என்று வைத்துக்கொண்டால் 630 டொலர். பிள்ளைகளின் குளிர்கால ஜக்கற்றும் சப்பாத்தும் அதற்குள் வந்துவிடும்.

முதலில் உங்கள் கார் எவ்வளவு குடிக்கிறது என்று அறியுங்கள். தாங்கியை நிரப்பி, ஓடிய கிலோமீற்றரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லீற்றர் போனதென்று பாருங்கள். 500 கிலோமீற்றருக்கு 55 லீற்றர் என்றால் நூறுக்கு 11. ஒரு கொப்பியில் எழுதி வந்தால், கார் நோய்ப்படும்போது கணக்கே சொல்லிவிடும். குளிர்காலத்தில் கொஞ்சம் கூடத்தான் செய்யும், பயப்படவேண்டாம்.

நாம் அதிகம் கவனிக்காதது ரயர்க் காற்று. வெப்பநிலை 5, 6 பாகை குறையும்போது ஏறத்தாழ ஓர் இறாத்தல் காற்றழுத்தம் குறைகிறது. செப்ரெம்பரில் 20 பாகையில் அடித்த காற்று, ஜனவரியில் மைனஸ் 15இல் ஆறு இறாத்தல் குறைந்து நிற்கும். ரயர் ஓட்டையில்லை, ஆனால் கார் இழுபடுகிறது. எட்டு இறாத்தல் குறைந்தால் எரிபொருள் 4 வீதம்வரை கூடச் செலவாகலாம்; ரயரும் விரைவில் தேயும். எவ்வளவு அடிப்பது? ரயரில் பொறித்திருக்கும் இலக்கம் அது தாங்கக்கூடிய உச்சம், அதைப் பார்க்காதீர்கள். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் நிலையில் ஒட்டியிருக்கும் தாளில் சரியான அளவு இருக்கும். காலையில், கார் ஓடமுன்னர் அளவுங்கள். அளக்கும் கருவி ‘கனேடியன் ரயர்’ போன்ற கடைகளில் சில டொலர்தான். காசை மிச்சம் பிடிக்கிறோம் என்று வின்ரர் ரயரை மட்டும் தவிர்க்காதீர்கள்.

இனி, எஞ்சினை ஓடவிடும் பழக்கம். நிற்கும் கார் ஒரு கிலோமீற்றரும் ஓடாமல் காஸைக் குடிக்கிறது. ரொறன்ரோ 1996இலேயே இதற்கெதிராக விதி கொண்டுவந்தது. முன்பு மூன்று நிமிடமாக இருந்த எல்லை 2010இல் ஒரு நிமிடமாக்கப்பட்டது. காலையில் பத்து நிமிடம் சூடாக்குவது காபுரேற்றர் காலத்துப் பழக்கம். இன்றைய கார்களுக்குக் கண்ணாடியில் உள்ள ஐஸைச் சுரண்டி, அரை நிமிடம் பொறுத்து, மெதுவாக ஓடத் தொடங்கினாலே போதும். வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் ஒருபோதும் ஓடவிடாதீர்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, ஆளைக் கொல்லும்.

வேகத்தைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. 401இல் 100இல் போகாமல் 120இல் போனால் ஏறத்தாழ 20 வீதம் கூடக் காஸ் எரியும். பொலிஸ் பிடித்தால் அதற்கு வேறு கணக்கு.

சில வேளைகளில் பிழை காரில்தான். ஒரு வின்ரரில் எமது காரின் செலவு திடீரென ஏறியது. ஒரு கராஜில் பிளக், கொயில் என்று மாற்றிக் காசு வாங்கினார்கள். குறையவில்லை. பிறகு வேறொரு மெக்கானிக் ஒரே கேள்வி கேட்டார்: “அண்ணை, ஹீற்றர் நல்லாச் சுடுதோ?” சுடவில்லை, வெப்பமுள்ளும் பாதிக்கு வருவதில்லை. தேர்மோஸ்ராற் திறந்தபடி இறுகிவிட்டதால் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே இருந்திருக்கிறது. மலிவான ஒரு பாகத்தோடு தீர்ந்தது.

இங்கே வீதியில் கொட்டும் உப்பினால் பிரேக் துருப்பிடித்து இறுகுவதும் உண்டு. ஓடி நிறுத்தியபின் ஒரு சில்லு மட்டும் மற்றவற்றைவிட அனல் அடித்தால் (தொட்டுப் பார்க்காதீர்கள், கிட்டக் கையைப் பிடித்தாலே தெரியும்) உடனே காட்டுங்கள். ‘செக் எஞ்சின்’ விளக்கை மாதக்கணக்கில் எரியவிடுவதும் தவறு. ஒட்சிசன் சென்சர் பழுதானால் செலவு நன்றாகக் கூடும்.

விலை கூடிய பிறீமியம் காஸ் அடித்தால் கார் சிக்கனமாக ஓடும் என்று நம்மவரிடையே ஒரு கதை உண்டு. காரின் கைநூல் ரெகுலர் என்று சொன்னால் ரெகுலரே போதும். தாங்கிக்குள் போடும் ‘அதிசய’ மருந்துகளையும் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

திருத்தக் கொடுக்கமுன்னர் செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். தமிழ்க் கராஜ் என்றாலும், தெரிந்தவர் என்றாலும் கூச்சப்படாதீர்கள். ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எழுதித் தந்த தொகைக்குமேல் 10 வீதத்தைவிடக் கூட அறவிட முடியாது. கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கலாம்.