கண்காணிப்பாளர் இல்லாத தேர்வுக் கூடம்



தேர்வுக் கூடம் ஒன்றை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். வினாத்தாள்கள் வழங்கப்படுகின்றன. மாணவர்கள் எழுதத் தொடங்குகின்றனர். ஆசிரியரோ அறையை விட்டு வெளியேறி விடுகின்றார். வரிசைகளுக்கிடையே உலவி வருபவர் இல்லை. வாயிலில் நின்று உற்று நோக்குபவர் இல்லை. நேரம் முடிந்ததும் விடைத்தாள்கள் ஒப்படைக்கப்படுகின்றன.

இது கற்பனையன்று. மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா நாட்டில், அஷேஸி என்னும் சிறியதொரு தனியார் பல்கலைக்கழகத்தில் 2008ஆம் ஆண்டு முதல் ஏற்கப்பட்ட நடைமுறை இது. அமானிதத்தைப் பற்றி வெள்ளிதோறும் கேட்டும் படித்தும் வரும் நாம் இதனைச் சற்று நின்று சிந்திப்பது நன்று.

அஷேஸி என்பது கானாவின் அக்கான் மொழியில் ‘தொடக்கம்’ எனப் பொருள்படும் சொல். இதனை நிறுவியவர் பாட்ரிக் அவூவா. கானாவில் பிறந்த இவர் 1985இல் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரிக்குச் சென்று பொறியியல் பயின்றார். பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் உயர்ந்த வேலையில் அமர்ந்தார். பொருளும் வசதியும் குறைவின்றிக் கிடைத்தன. எனினும் தமக்கொரு மகன் பிறந்தபோது, அக்குழந்தை வளர்ந்து தன் தந்தையின் மண்ணை எவ்வாறு நோக்கும் என்னும் கேள்வி அவர் உள்ளத்தை அரித்தது. வேலையைத் துறந்தார்; தாய்நாடு மீண்டார்; 2002இல் தலைநகர் அக்ராவில் வாடகைக் கட்டடம் ஒன்றில் முப்பதே மாணவர்களுடன் கல்லூரியைத் தொடங்கினார்.

அவரது வாதம் எளியது. ஆப்பிரிக்காவில் கல்லூரிப் படிப்பை எட்டுவோர் மிகச் சிலர். நாளை நீதிபதிகளாகவும் மருத்துவர்களாகவும் அமைச்சர்களாகவும் அமரப் போகிறவர்கள் அந்தச் சிலரே. ஆகவே, நாட்டை அரிக்கும் கையூட்டையும் கடமை தவறுதலையும் ஒழிக்க வேண்டுமாயின், அதற்கான வேலை அலுவலகத்தில் அன்று, கல்விக்கூடத்தில் தொடங்க வேண்டும். படிக்கும் காலத்தில் விடையைத் திருடப் பழகியவன், பதவி பெற்றபின் பொதுப் பணத்தைத் திருட மாட்டான் என்பதற்கு என்ன உறுதி?

தேர்வு நேர்மை நெறி என்பது இந்த எண்ணத்தில் பிறந்ததுதான். இதில் நாம் கருத்தூன்ற வேண்டிய செய்திகள் இரண்டு உள்ளன.

முதலாவது, இந்நெறி மேலிருந்து திணிக்கப்பட்ட சட்டமன்று. மாணவர்கள் தமக்குள் நெடுநாள் விவாதித்தனர். இது நடக்கக் கூடியதா, மனிதர் இத்தனை தூய்மையாக இருக்க முடியுமா என்று ஒருவரையொருவர் வினவினர். இன்றும் புதிதாகச் சேரும் ஒவ்வொரு தொகுதி மாணவரும் தாமே வாக்களித்துத்தான் இந்நெறிக்குள் வருகின்றனர். தானாக முன்வந்து ஏற்ற பொறுப்புக்கே அமானிதம் என்னும் பெயர் பொருந்தும்.

இரண்டாவது, தான் நேர்மையாக எழுதுவதுடன் ஒரு மாணவனின் கடமை முடிந்து விடுவதில்லை. பக்கத்திலிருப்பவன் பிறழ்ந்தால் அதைக் கண்டும் காணாதவன் போல் இருக்கக் கூடாது என்பதும் உறுதிமொழியில் அடக்கம். இதுவன்றோ கடினமான பகுதி! நண்பனைக் காட்டிக் கொடுப்பது துரோகம் என்று நம் இளைஞர்கள் எண்ணுகின்றனர். ஆனால், தவறு செய்யும் தோழனின் கையைப் பிடித்துத் தடுப்பதும் அவனுக்குச் செய்யும் உதவியே என்பதை நாம் மதரஸாவின் பாய் விரிப்பிலேயே கற்றிருக்கிறோம். கற்றதைக் கடைப்பிடிக்கிறோமா என்பதே கேள்வி.

எதிர்ப்பு எழாமல் இல்லை. உயர்கல்விக்கு அங்கீகாரம் வழங்கும் அந்நாட்டு வாரியமே இதனை ஆட்சேபித்தது. கண்காணிப்பின்றித் தேர்வு நடத்தினால் பட்டத்தின் மதிப்பு என்னாவது என்பது அதன் கவலை. அக்கவலையை நாம் எள்ளி நகையாட முடியாது. தேர்வுக் கூடத்தில் பல்லாண்டு நின்று பழகிய நாமும் அதையேதான் கேட்டிருப்போம். எனினும் பல்கலைக்கழகம் தன் நிலையினின்றும் பின்வாங்கவில்லை. காவல் இருக்கும்வரை மட்டும் நேர்மையாய் இருப்பவன், காவல் அகன்ற நாளில் யாதாவான் என்பதே அதன் மறுமொழியாக அமைந்தது.

வாசகர்களே, நோன்பை எண்ணிப் பாருங்கள். கோடை நண்பகல். தனியறை. கதவு தாழிடப்பட்டிருக்கிறது. பானையில் குளிர்ந்த நீர் இருக்கிறது. ஒரு மிடறு பருகினால் அறிவார் யார்? இருந்தும் நம் வீட்டுப் பத்து வயதுச் சிறுவன் கூட அதனைத் தொடுவதில்லை. தொழுகையைப் பிறர் காணலாம். ஹஜ்ஜை ஊரே அறியும். நோன்போ அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலுள்ள இரகசியம். ஆண்டுதோறும் ஒரு திங்கள் முழுவதும் நாம் எழுதுவது கண்காணிப்பாளர் இல்லாத தேர்வன்றோ? அதில் வெல்லும் நாம், கடையின் தராசிலும் அலுவலக மேசையிலும் பிள்ளைகளின் தேர்விலும் ஏன் தோற்கிறோம்?

அஷேஸியின் மாணவர் வாழ்வு தேர்வறையோடு முடிவதில்லை. 2011இல் பல்கலைக்கழகம் அக்ராவை விட்டு, ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள பெரெகுஸோ என்னும் சிற்றூரை அடுத்த குன்றின் மீது, நூறு ஏக்கர் நிலத்தில் சொந்த இல்லம் கண்டது. குன்றின் மேல் படித்தவர் கூட்டம். அடிவாரத்தில் உழைக்கும் எளிய மக்கள். இவ்விரண்டுக்கும் நடுவே சுவர் எழுப்பிக் கொள்வது எளிது. அஷேஸியோ படிகளை அமைத்தது. தலைமைப் பண்பைக் கற்பிக்கும் பாடங்களின் நிறைவாகச் சமூகத் தொண்டு வைக்கப்பட்டுள்ளது. எந்தத் துறை மாணவராயினும் அதனைச் செய்து முடித்தே பட்டம் பெறுகின்றார். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதும் கணினி பழக்குவதும் அத்தொண்டில் அடங்கும்.

தலைமையின் கடைசிப் பாடம் தொண்டு என்னும் அந்த வரிசை முறையைக் கவனியுங்கள். மேடையில் பேசக் கற்பதும் பிறரை ஏவக் கற்பதும் முன்னே வரலாம். ஏழைக் குழந்தையின் அருகில் அமர்ந்து எழுத்துக் கற்பிக்கும் பொறுமை வந்தாலன்றித் தலைமை முழுமை பெறுவதில்லை. தேர்வில் நேர்மை என்பது அறிவைத் திருடாமை. தொண்டு என்பது பெற்ற அறிவைப் பூட்டி வையாமை. இரண்டும் ஓர் அமானிதத்தின் இரு பக்கங்கள்.

முப்பது பேருடன் தொடங்கிய நிறுவனத்தில் பின்னாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பயின்றனர். 2015இல் பொறியியல் துறை தொடங்கப்பட்டது. 2017இல் கத்தார் நாட்டின் கல்வி அறக்கட்டளை வழங்கும் வைஸ் பரிசு அவூவாவுக்குக் கிடைத்தது. 2018இல் குடியரசுத் தலைவரின் பட்டயம் பெற்று, அஷேஸி தனித்தியங்கும் முழுப் பல்கலைக்கழகமாயிற்று. ஆயினும் அதன் உண்மையான செல்வம், ஆசிரியர் வெளியேறிய பிறகும் தலை கவிழ்ந்து தன் விடையைத் தானே எழுதிக் கொண்டிருக்கும் அந்த மாணவனேயாவான்.

நபித்துவம் அருளப்படுவதற்கு முன்பே நம் பெருமானார் (ஸல்) அவர்களை மக்கத்து மக்கள் ‘அல்அமீன்’, நம்பிக்கைக்குரியவர் என்றழைத்தனர். பின்னாளில் பகை கொண்டவர்களும் தம் பொருள்களை அவர்களிடமே ஒப்படைத்து வைத்தனர். ஹிஜ்ரத் புறப்பட்ட இரவில், அப்பொருள்களை உரியவரிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்ற வரலாற்றை நாம் அறிவோம். அந்த உம்மத்தைச் சேர்ந்த நாம், நம் கல்லூரிகளையும் மதரஸாக்களையும் நடத்தும்போது பிள்ளைகளை எந்த அளவுக்கு நம்புகிறோம்? நம்பத் தகுந்தவர்களாக அவர்களை ஆக்க எந்த அளவுக்கு முயல்கிறோம்?

நாளையே கண்காணிப்பாளர்களை அனுப்பி விடுங்கள் என்று நாம் கூறவில்லை. இன்றிரவு உங்கள் மகனையோ மகளையோ அருகில் அழைத்து, “யாரும் பார்க்காத இடத்தில் நீ எப்படி இருப்பாய்?” என்று அன்போடு கேளுங்கள். அதே கேள்வியை அதற்கு முன் உங்களிடமும் கேட்டுக் கொள்ளுங்கள்.

மறைவானவற்றையும் வெளிப்படையானவற்றையும் அறிந்த வல்ல நாயன், நம்மையும் நம் மக்களையும் அமானிதம் பேணுவோராய் ஆக்கியருள்வானாக! ஆமீன்.