கயிற்றின் மறுமுனை

குற்றம் புரிந்த சிறுவனைச் சுவர்களுக்குள் அடைத்து வைத்தால் திருந்திவிடுவானா? மலையையும் கடலையும் வகுப்பறையாக்கி இவ்வினாவுக்கு விடை தேடுவது சாகசவழிச் சிகிச்சை.

ஹிட்லரை எதிர்த்து நாடு துறந்த செர்மானியக் கல்வியாளர் குர்ட் ஹான், கப்பல் நிறுவனப் பங்குதாரர் லாரன்ஸ் ஹோல்ட்டுடன் இணைந்து, 1941இல் வேல்சின் அபர்டோவி கடற்கரையில் ‘அவுட்வர்டு பவுண்டு’ பள்ளியைத் தொடங்கினார். போரில் கப்பல்கள் மூழ்கியபோது, வலிமைமிக்க இளம் மாலுமிகளைவிட அனுபவமுள்ள மூத்தவர்களே மிகுதியாக உயிர்பிழைத்தனர் என ஹோல்ட் கருதினார். இளையோரின் மனவுறுதியை வளர்ப்பதே பள்ளியின் நோக்கமாயிற்று.

பின்னாளில் சமூகப்பணியாளர்கள் இம்முறையைத் தடம் மாறிய இளைஞர்களிடம் கையாண்டனர். பாறையேற்றத்தை நோக்குங்கள். ஏறுபவன் இடுப்பில் கட்டிய கயிறு, உச்சிக் கொக்கி வழியே கீழிறங்கி மற்றொருவன் கைக்கு வருகிறது. அதுவரை எவராலும் நம்பப்படாத அவனிடம் இப்போது ஓர் உயிர் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. நூறு அறிவுரைகளாலும் கிட்டாத பாடம் இது! மாலையில் அனைவரும் வட்டமாக அமர்ந்து, தாம் அஞ்சியதையும் சினந்ததையும் பேசுவர். இவ்வுரையாடல் இல்லையேல் அது வெறும் சுற்றுலாவே.

1960களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கெல்லி, பேர் ஆகிய ஆய்வாளர்கள் குற்றம் புரிந்த 120 சிறுவர்களை ஆராய்ந்தனர். ஓராண்டுக்குள் மீண்டும் குற்றத்தில் சிக்கியோர், இப்பயிற்சி பெற்ற 60 பேருள் 20 விழுக்காட்டினர். வழக்கமான நடைமுறைக்கு உட்பட்ட 60 பேருள் 42 விழுக்காட்டினர். ஆயினும், ஆண்டுகள் செல்லச்செல்ல இவ்வேறுபாடு சுருங்கியது. மலையிலிருந்து இறங்கிய சிறுவன் அதே தெருவுக்கும் அதே வறுமைக்கும்தானே திரும்புகிறான்? அதனால், முகாம் முடிந்த பின்னரும் சமூகப்பணியாளர்கள் அவன் வீட்டாரையும் ஆசிரியர்களையும் தேடிச்சென்று சந்திக்கின்றனர்.