பிடிவலிமையும் எல்லை எண்ணும்: படாளத்து உழைப்பாளரை முன்வைத்து

நலமுடன் உள்ள வயதுவந்தோரின் தசைவலிமையை அறிய ஆய்வாளர் பெரிதும் நாடுவது கைப்பிடி விசையை அளக்கும் முறையாகும். கால் தசைகளை அளக்கும் கருவிகள் விலை மிக்கவை; எளிதில் எடுத்துச் செல்லவும் இயலாதவை. பிடிவிசைமானியையோ கைப்பையில் வைத்துக் களத்திற்குக் கொண்டு செல்லலாம். செங்கல்பட்டு மாவட்டத்துப் படாளத்தில், கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைச் சார்ந்து கரும்பு வெட்டுவோரிடம் ஆய்வு செய்ய விழைபவருக்கு எட்டக்கூடிய கருவி இதுவே.

கருவி எளிது, அளவீடு அவ்வளவு எளிதன்று. அமெரிக்கக் கைமருத்துவ வல்லுநர் சங்கம் 1981இல் பரிந்துரைத்த முறைப்படி, அளக்கப்படுபவர் அமர்ந்து, மேற்கையை உடலோடு ஒட்டி, முழங்கையை 90 பாகை மடக்கியிருக்க வேண்டும். ஜாமர் வகைக் கருவியின் ஐந்து பிடிநிலைகளுள் இரண்டாவதே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. மும்முறை அளந்து சிலர் சராசரியையும் சிலர் உச்ச அளவையும் எடுப்பர். எதை எடுத்தனர் என்று குறிக்காத ஆய்வேட்டின் எண்களைப் பிறவற்றோடு ஒப்பிட முடியாது. நாள் முழுதும் கரும்பு வெட்டியவரை மாலையில் அளந்தால் கிடைப்பது வலிமையன்று, களைப்பு. மாமல்லபுரச் சிற்பியரிடம் ஒரு கை உளியையும் மறுகை சுத்தியலையும் பிடித்துப் பழகியிருத்தலால், இரு கைகளையும் தனித்தனியே பதிவுசெய்வதே முறை.

இடர்ப்பாடு முடிவுரைக்கும்போதுதான் முற்றுகிறது. ஆசியத் தசைநலிவுப் பணிக்குழு 2019இல் ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோ என வகுத்து, அவற்றிற்குக் கீழ்ப்பட்டதை வலுக்குறைவு என்றது. ஐரோப்பியக் குழுவின் எல்லைகளோ 27, 16. சென்னையையும் ஒரு மையமாகக் கொண்ட பன்னாட்டு நகர-ஊரக ஆய்வு, 21 நாடுகளில் 1,25,462 நலமானோரின் பிடிவிசையை 2016இல் வெளியிட்டது. அதில் 40 வயதுக்குட்பட்ட ஐரோப்பிய, வட அமெரிக்க ஆடவரின் இடைநிலை அளவு 50 கிலோ. 60 வயதைக் கடந்த தென்கிழக்காசியப் பெண்டிரின் இடைநிலை அளவு 18 கிலோ. அதாவது நலமானோர் எனத் தேர்ந்த அப்பெண்டிருள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஆசிய எல்லையிலோ அதற்குக் கீழோ நிற்கின்றனர். தெற்காசியரும் அவ்வாய்வில் குறைந்த அளவினர் வரிசையிலேயே உள்ளனர்.

அப்படியாயின் நமக்கெனத் தாழ்ந்த எல்லை வகுத்துக்கொள்வதே தீர்வு எனத் தோன்றலாம். அதிலும் ஓர் ஆபத்து உண்டு. குறைந்த பிடிவிசை உடலமைப்பின் இயல்பாக இருக்கலாம். இளமையில் உண்ணாது வளர்ந்ததன் தழும்பாகவும் இருக்கலாம். பின்னதாயின், தாழ்ந்த எல்லை பசியையே இயல்பு என்று பதிவுசெய்துவிடும். எனவே படாளத்தில் அளப்பவர் உயரம், எடை, தொழில், இளமைக்கால உணவுநிலை ஆகியவற்றையும் கேட்டுக் குறித்து, பொது எல்லை, வட்டார எல்லை இரண்டின்படியும் முடிவுகளைத் தனித்தனியே தருதல் வேண்டும்.