கிலுகிலுப்பை: பெயரும் பயனும் எச்சரிக்கையும்

வீட்டுப் பாவனைப் பொருள்களின் பெயரைப் பூஞ்செடிகளுக்குச் சூட்டுவது பல நாட்டு மக்களிடமும் காணப்படும் வழக்கமாகும். அவுஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட ஒரு செந்நிறப் பூஞ்செடியை ஆங்கிலத்தில் ‘பொட்டில் பிரஷ்’ என்பர். அதன் பூங்கொத்து, போத்தல் கழுவும் பிரஷ் போலவே இருக்கும். எமது வேலியோரங்களிலும் தரிசு நிலங்களிலும் வளரும் கிலுகிலுப்பையும் இவ்வாறு பெயர் பெற்றதே. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு நாம் ஆட்டிக் காட்டும் விளையாட்டுப் பொருளின் பெயர் அது.

இப்பெயருக்குக் காரணம் அதன் காயாகும். ஊதிப் பருத்த காய் முற்றிக் காய்ந்ததும் விதைகள் உள்ளே கழன்றுவிடுகின்றன. செடியை அசைத்தால் அவை கலகலவென ஒலிக்கும். இப்பேரினத்துக்குத் தாவரவியலாளர் வழங்கும் ‘குரோட்டலேரியா’ என்ற பெயரும், கையால் ஒலிக்கும் தாளக் கருவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே வந்தது.

இவ்வினத்தில் எமது கமக்காரருக்கு மிகவும் வேண்டியது சணல் ஆகும். (சாக்கு நெய்யும் சணல் வேறு செடி.) யாழ்ப்பாணத்து வயல்களில் நெல் அறுவடைக்குப் பின் மஞ்சள் பூவுடன் நிற்பது இதுவே. இதன் வேர் முடிச்சுகளில் வாழும் பக்ரீறியாக்கள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்கு ஏற்ற பசளையாக்குகின்றன. விதைத்து 45 முதல் 60 நாட்களுக்குள், பூக்கத் தொடங்கும் வேளையில் மடக்கி உழுதுவிட வேண்டும். பிந்தினால் தண்டு நாராகி, உக்குவதற்கு நாட்செல்லும். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டபோது நாம் பட்ட துன்பத்தை மறக்கவில்லை. பசுந்தாட் பசளையின் பெறுமதியை அன்று பலரும் உணர்ந்தனர்.

ஆயினும், எச்சரிக்கையும் தேவை. கிலுகிலுப்பை இனங்கள் பலவற்றில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டு. இந்தியாவின் சர்குஜா மாவட்டத்தில் 1970களின் நடுப்பகுதியில், ஒருவகைக் கிலுகிலுப்பை விதை கலந்த சிறுதானியத்தை உண்ட ஏழை மக்கள் வயிறு வீங்கி நோயுற்றனர், பலர் மாண்டனர். ஊதா நிறப் பூப் பூக்கும் இனம் இங்கு நாட்டு மருந்தாகவும் பயன்பட்டு வந்தது. இலங்கை ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்தில் அதிலும் இந்நஞ்சு இருப்பதை எடுத்துக்காட்டினர்.

எனவே நாம் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, கிலுகிலுப்பை இலையை இலைக்கஞ்சியிலோ கஷாயத்திலோ சேர்க்க வேண்டாம். அவித்தால் நஞ்சு போய்விடும் என்று நம்பியிருக்க முடியாது. இரண்டாவது, குரக்கன், சாமி அறுவடையின்போது இதன் விதை கலவாதபடி புடைத்துத் தெரிய வேண்டும். மூன்றாவது, ஆடு மாடுகளுக்குக் காட்டுக் கிலுகிலுப்பையை வெட்டிப் போடலாகாது. ஈரல் பழுதாவது உடனே வெளியே தெரியாது. தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

உயிரினங்களுக்குப் பெயரிடும் பொறுப்பை இறைவன் மனிதனிடம் ஒப்படைத்தார் எனத் தொடக்கநூல் கூறுகிறது. பெயரிட்டதோடு எமது கடமை முடிந்துவிடவில்லை. குழந்தையின் விளையாட்டுப் பொருள் போல ஒலிக்கும் இக்காய் குழந்தையின் கைக்கு உகந்ததல்ல. மண்ணுக்கு உணவாவது மனிதனுக்கு உணவாகாது என்பதை எமது வீடுகளிலும் மாதர் சங்கக் கூட்டங்களிலும் எடுத்துச் சொல்வோம்.